மாம்பலத்தின் முகம்

மாம்பலம் ரயில் நிலையத்தை எதிரில் நின்று பார்த்தவர் யாராவது உண்டா என்று தெரியவில்லை. எழும்பூர் என்றதும் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கட்டடம் கண்ணுக்குள் வந்து நிற்கிறது. சென்ட்ரல் என்றால் மணிக்கூண்டு. மாம்பலம் என்றால் எனக்கு வருவது ஒரு படிக்கட்டு. ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் தோளால் இடித்துக்கொண்டும் இடிபட்டுக்கொண்டும் பாத்திரக்கடை, நைட்டிக்கடை, கொத்தமல்லிக் கட்டு, பத்து ரூபாய்க்கு மூன்று கர்ச்சீப் எல்லாம் கடந்து வந்தால், தெரு சட்டென்று முடிந்து மேலே ஏறத் தொடங்குகிறது. அந்த ஏற்றம்தான் நிலையம். எதிரில் நின்று பார்க்க அங்கே எதிர்ப்புறம் என்று ஒன்று இல்லை. நின்றால் பின்னால் வருகிறவர் நம்மை நிலையத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

குரோம்பேட்டையிலிருந்து மாம்பலத்துக்கு, மாம்பலத்திலிருந்து குரோம்பேட்டைக்கு என்று இருபத்தைந்து வருஷம் சீசன் டிக்கெட்டில் கழிந்திருக்கிறது. கணக்குப் போட்டால் அந்தப் படிகளில் பத்தாயிரம் தடவைக்கு மேல் ஏறி இறங்கியிருப்பேன். இருந்தும் ரயில் நிலையங்களைப் புதுப்பிக்கும் 'அம்ரித் பாரத்' திட்டப் பட்டியலில் மாம்பலமும் இருக்கிறது, நிலையத்துக்குப் புது முகப்பு வரப்போகிறது என்று பேப்பரில் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, பழைய முகப்பு எது என்பதுதான்.

படிக்கட்டின் அடியில் பூ விற்கிற அம்மா ஒருவர் உண்டு. மல்லி, கதம்பம், வெள்ளிக்கிழமையானால் மரிக்கொழுந்தும். பார்வை பூவில் இருக்கும், காது மட்டும் மேலே. ஒருநாள் அவசரமாக ஏறப் போனவனைக் கையை நீட்டி நிறுத்தினார். "தாம்பரம் வண்டி வந்துருச்சு சார். ரெண்டு நிமிசம் நில்லுங்க." எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பத்து விநாடி போயிருக்கும், மேலே பாலத்தில் தடதடவென்று சத்தம். அடுத்த கணம் படிக்கட்டு முழுவதும் தலைகள். ஆபீஸ் பை, கட்டைப் பை, தூங்கும் குழந்தை, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த பிளாஸ்டிக் நாற்காலி, எல்லாம் ஒரே திசையில் இறங்கிவந்தன. இடப்பக்கம் ஏற வேண்டும், வலப்பக்கம் இறங்க வேண்டும் என்ற விதியெல்லாம் அந்த இரண்டு நிமிஷத்துக்குச் செல்லாது. விவரம் தெரிந்தவர்கள் பூக்காரம்மா பக்கத்தில் ஒதுங்கி நிற்கிறார்கள். தெரியாதவர்கள் நடுப்படியில் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். பிறகு வடிந்துவிடுகிறது. "இப்பப் போங்க" என்றார்.

ஒரு புறநகர் நிலையம் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. நாளைக்கு எத்தனை ஆயிரம் பேர் வந்துபோகிறார்கள் என்றுதான் எப்போதும் சொல்வார்கள். அந்த எண்ணை வைத்து டிக்கெட் வருமானத்தைக் கணக்கிடலாம், படிக்கட்டின் அகலத்தைக் கணக்கிட முடியாது. படிக்கட்டுக்குத் தெரிய வேண்டியது ஒரே ஒரு கணக்கு: பன்னிரண்டு பெட்டி வண்டி வந்து நின்ற அந்த நிமிஷத்தில் எத்தனை பேர்? எதிர்த்திசை வண்டியும் அதே நேரத்தில் வந்துவிட்டால் எத்தனை பேர்? நாளெல்லாம் பாதி காலியாகக் கிடக்கும் படிதான் ஒன்றிரண்டு நிமிஷத்தில் போதாமல் போகிறது. தூர ஊர் ரயிலுக்குப் போகிறவர் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து, பெட்டியை இறக்கி வைத்து, அண்ணாந்து கட்டடத்தைப் பார்க்கிறார். அவருக்காகத்தான் முகப்பு, கூடம், மணிக்கூண்டு. மின்சார ரயிலுக்கு வருகிறவர் நிற்பதில்லை. அவருடைய கட்டடம் நடைமேம்பாலமும் படியும்தான். மற்றதெல்லாம் அவருக்கு வழியில் இருப்பவை.

மாம்பலம் இப்படி அமைந்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. எழும்பூரிலிருந்து தெற்கே மீட்டர் கேஜ் பாதை 1870களில் போடப்பட்டபோது இன்றைய தியாகராய நகர் என்று ஒன்று இல்லை. அங்கே தண்ணீர் இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை வில்லாக வளைந்து கிடந்த நீளமான ஏரி. வெள்ளைக்காரன் அதற்கு 'லாங் டேங்க்' என்றே பெயர் வைத்திருந்தான். 1920களில் நீதிக்கட்சி ஆட்சியின்போது ஏரியை வற்றவைத்து, மனை பிரித்து, நகரம் வரைந்தார்கள். அந்தக் கட்சிக்காரர்களின் பெயர்கள்தாம் இன்றும் தெருக்களில் இருக்கின்றன: தியாகராயர், பனகல் ராஜா, உஸ்மான், நடேசன், சௌந்தரபாண்டியன். ஏரியின் பெயர் மட்டும் தண்டவாளத்துக்கு மேற்கே ஒதுங்கிவிட்டது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு தெரு இருக்கிறது. அங்கே நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அடுக்குமாடியும் ஆவின் பூத்தும்தான்.

ஆக, ரயில் முந்தி, நகர் பிந்தி. நகர் வந்து தண்டவாளத்தில் முட்டிக்கொண்டு நின்றது. ரயில்வே தன் நிலையத்தை ஒரு சதுக்கத்தின் முன்னால் கட்டி ஊரைக் கூப்பிடவில்லை. ஊர்தான் தெருத்தெருவாக வந்து நிலையத்தின் விலாவில் இடித்தது. மேற்கே பழைய மாம்பலம், அக்ரகாரச் சாயலும் அயோத்தியா மண்டபமும் கொசுவும். கிழக்கே பங்களாக்களும் பூங்காக்களும். நடுவில் தண்டவாளம். இன்றைக்கும் மேற்கு மாம்பலத்துக்காரருக்கு ரயில்வே நடைமேம்பாலம் என்பது ரயில் ஏறுவதற்கு மட்டுமல்ல, கிழக்கே காய்கறி வாங்கப் போகும் வழியும்கூட. டிக்கெட் பரிசோதகருக்கு இது எப்போதும் தீராத தலைவலி.

1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பம்பாயில் 1925-லேயே வந்துவிட்டது. ஆறு வருஷம் கழித்து இங்கே. 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிய அந்தப் பாதையை 1960களில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு மாற்றினார்கள். இந்தத் தகவல்களைவிடப் பெரிய மாற்றம், ஆபீஸ் போகிறவன் ஊருக்கு வெளியே குடியிருக்கலாம் என்ற எண்ணம் பிறந்ததுதான். குரோம்பேட்டையும் பல்லாவரமும் தாம்பரமும் அந்தக் கம்பிக்கடியில் வளர்ந்த ஊர்கள். என் அப்பா மனை வாங்கும்போது கேட்டது இரண்டே கேள்விகள்: கிணற்றில் தண்ணீர் உப்பா, ஸ்டேஷன் எத்தனை நிமிஷ நடை?

நான் முதலில் ஏறியது மீட்டர் கேஜ் வண்டியில். தண்டவாளம் ஒரு மீட்டர் அகலம், பெட்டியும் அதற்கேற்ற ஒடுக்கம். எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்தால் முழங்கால் முட்டும், அதனாலேயே சிநேகமும் சீக்கிரம் முட்டும். கிண்டி தாண்டியதும் சீட்டுக்கட்டு. மாம்பலத்தில் ஆட்டத்தை நடுவில் விட்டு இறங்குகிறவர் தன் கையை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டுப் போவார். பிறகு அகலப்பாதை வண்டிகளும் வந்து கொஞ்சகாலம் இரண்டும் சேர்ந்து ஓடின. 2004 ஜூலை 1 அன்று மீட்டர் கேஜ் மின்சார வண்டி கடைசியாக ஓடியது. அகலப்பெட்டி வந்தபின் நிற்க இடம் அதிகம், கூட்டமும் அதிகம். ஆனால் வண்டி அகலமானதற்கு ஏற்பப் படிக்கட்டுகள் உடனே அகலமாகவில்லை. ஒரு தடவைக்கு இறங்குகிறவர்கள் கூடினார்கள், இறங்கும் வழி பழையபடி.

முகப்பு இருக்கிற நிலையங்களும் இந்த ஊரில் இருக்கின்றனவே என்று கேட்கலாம். ராயபுரம் இருக்கிறது. 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. இந்தியாவில் இன்றும் நிற்கிற நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது அது. வரிசையாக உயரத் தூண்கள், ஒரு அரண்மனைக்காரர் கடனில் மூழ்கியபின்னும் வேட்டியை மடிப்பு கலையாமல் கட்டியிருப்பதுபோல. சென்ட்ரல் வந்தபிறகு ராயபுரத்தின் பெருமை மங்கியது. 2005-ல் சீரமைத்துச் சாயம் பூசினார்கள். அதை ஒரு ரயில் முனையமாக்க வேண்டும் என்று வடசென்னைக்காரர்கள் பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருநாள் மத்தியானம் அங்கே போயிருந்தேன். தூண்களின் நிழலில் ஒரு நாய், ஒரு சைக்கிள், நான். முகம் இருக்கிறது, பார்க்க ஆள் இல்லை.

பறக்கும் ரயில் இன்னொரு கதை. 1995-ல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம்வரை, 1997-ல் மயிலாப்பூர்வரை, 2007-ல் வேளச்சேரிவரை. அந்த நிலையங்களில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. திருமயிலை நிலையத்துக்குள் நுழைந்தால் ஒரு மாநாடே நடத்தலாம் போலிருக்கும். மாடிகளைக் கடைகளுக்கு வாடகைக்கு விட்டுச் சம்பாதிக்கலாம் என்று கட்டினார்கள். கடைகள் வரவில்லை, புறாக்கள் வந்தன. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அந்தக் கூடங்களில் தனியாக நடக்கிற பெண்களிடம் கேட்டால் சொல்வார்கள், அகலமும் ஒரு பயம்தான் என்று. மாம்பலத்தின் நெரிசலில் மூச்சு முட்டும், ஆனால் பயம் வராது. எதுவானாலும் பூக்காரம்மா பார்த்துக்கொண்டிருக்கிறார்.

நெரிசலைப் புகழ்ந்துவிட்டுப் போகவும் மனம் ஒப்பவில்லை. 2017 செப்டம்பர் 29 அன்று மும்பை எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தில் காலை நேரத்து மழை. நனையாமலிருக்க நடைமேம்பாலத்தில் ஒதுங்கியவர்கள் அப்படியே நிற்க, அடுத்தடுத்து வந்த வண்டிகளிலிருந்து மேலும் மேலும் ஆட்கள் ஏற, அந்தக் குறுகலான படிக்கட்டில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் நசுங்கி இறந்தார்கள். ரயில் மோதவில்லை, பாலம் இடியவில்லை. பூக்காரம்மா சொன்ன இரண்டு நிமிஷம், அவ்வளவுதான். அங்கே நிறுத்திவைக்கக் கை நீட்ட ஆளில்லை.

அதன் பிறகு நடந்த ஒரு சின்ன நிர்வாக மாற்றம்தான் என்னைப் பல நாள் யோசிக்க வைத்தது. அதுவரை ரயில்வே கணக்கில் நடைமேம்பாலம் என்பது 'பயணியர் வசதி' என்ற தலைப்பின் கீழ் வந்தது. பெஞ்சு, மின்விசிறி, குடிநீர்க்குழாய் மாதிரி இருந்தால் நல்லது, பணம் மிஞ்சினால் செய்யலாம். எல்ஃபின்ஸ்டனுக்குப் பிறகுதான் அது 'பாதுகாப்பு' என்ற தலைப்புக்குப் போனது. மும்பையில் அந்த நிலையத்திலும் இன்னும் இரண்டு இடங்களிலும் பாலம் கட்ட ராணுவத்தையே கூப்பிட்டார்கள். சில மாதங்களில் முடித்துக் கொடுத்தார்கள். பல வருஷம் கோப்புகளில் கிடந்ததைச் சில மாதத்தில் கட்ட முடிந்தது. படிக்கட்டு அலங்காரம் அல்ல, உயிர் சம்பந்தப்பட்டது என்று ஒரு பேரேட்டின் பத்தி மாறுவதற்கு அத்தனை உடல்கள் வேண்டியிருந்தன.

நம்மூரிலும் இதற்கு இணையாக ஒன்று நடந்தது. 2018 ஜூலை 24 காலை, கடற்கரையிலிருந்து திருமால்பூர் போன மின்சார வண்டி. மேல்கம்பிக் கோளாறு காரணமாக அன்று அதை வழக்கமான பாதையில் விடாமல் விரைவுப்பாதைக்குத் திருப்பியிருந்தார்கள். பரங்கிமலையில் அந்தப் பாதையை ஒட்டி ஒரு கான்கிரீட் தடுப்புச்சுவர். ஃபுட்போர்டில் தொங்கியவர்கள் அதில் அடிபட்டு விழுந்து செத்தார்கள். ஃபுட்போர்டில் ஏன் தொங்க வேண்டும் என்று கேட்பவர் காலை எட்டரை மணிக்கு ஒருதடவை அந்தப் பாதையில் வந்து பார்க்கலாம். 2025 மே 22-ல் அம்ரித் பாரத் திட்டத்தில் புதுப்பித்த 103 நிலையங்கள் நாடு முழுக்கத் திறக்கப்பட்டபோது, பரங்கிமலையும் அதில் ஒன்று. அங்கே மெட்ரோவும் வந்து சேர்கிறது. புது முகப்பு பார்க்க நன்றாகவே இருக்கிறது. நான் வண்டியில் கடக்கும்போதெல்லாம் கண் போவது வேறிடத்துக்கு.

அதே வருஷம் ஏப்ரலில் குளிர்சாதன மின்சார வண்டியும் ஓட ஆரம்பித்தது. கதவு தானாக மூடிக்கொள்கிறது, தொங்க வழியில்லை. சாதாரண வண்டியில் ஐந்து ரூபாய்க்குப் போகிற தூரத்துக்கு அதில் முப்பத்தைந்து. உயிருக்கு முப்பது ரூபாய் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று சக பயணி ஒருவர் கேட்டார். சிரித்தோம்.

அம்ரித் பாரத் திட்டத்தை ஒட்டுமொத்தமாகக் குறைசொல்ல நான் தயாரில்லை. 1,300-க்கும் மேற்பட்ட நிலையங்கள் அதில் இருக்கின்றன. லிஃப்ட், நகரும் படி, அகலமான பாலம், சுத்தமான கழிப்பறை எல்லாம் அதற்குள்ளேதான் வருகின்றன. முழங்கால் வலிக்காரருக்கு ஒரு லிஃப்ட் என்றால் அது அவருக்குத் திரும்பக் கிடைத்த நகரம். என் குறை அந்தப் படங்களின் மேல்தான். திட்டம் அறிவித்ததும் எல்லா ஊருக்கும் ஒரு கணினிப்படம் வெளியானது. எல்லாப் படத்திலும் நிலையம் எதிரிலிருந்து, கொஞ்சம் மேலிருந்து தெரிகிறது. உள்ளூர்ப் பாணியில் வளைவு, முன்னால் புல்தரை, இரண்டு கார், நாலு மனிதர்கள். புறநகர் நிலையத்தை அந்த இடத்திலிருந்து பார்க்கிறவர் யார்? விமானத்தில் இறங்குகிறவரும் அதைத் திறந்துவைக்க வருகிறவரும். காலை எட்டரை மணிப் படிக்கட்டைக் கணினிப்படமாக யாரும் வரைந்து காட்டவில்லை.

மாம்பலத்துக்கு நிஜமான புது வழி ரயில்வேயிடமிருந்து வரவில்லை, மாநகராட்சியிடமிருந்து வந்தது. 2023 மே 16 அன்று திறந்த ஆகாய நடைபாதை. நிலையத்திலிருந்து தியாகராய நகர் பேருந்து நிலையம்வரை 570 மீட்டர், செலவு 28.45 கோடி ரூபாய். பஸ்ஸிலிருந்து ரயிலுக்குப் போகிறவன் ரங்கநாதன் தெருவில் இறங்காமலே போகலாம். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் ஒரு மனிதன் நடக்கிறான் என்பதை ஒத்துக்கொள்ள இந்த நகரத்துக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது. தெருக்கடைக்காரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், ஆட்கள் எல்லாம் தலைக்கு மேலே போய்விடுவார்களோ என்று. அப்படி ஆகவில்லை. ரங்கநாதன் தெருவுக்கு வருகிறவர் அந்தக் கூட்டத்துக்காகவும்தான் வருகிறார்.

திறந்த புதிதில் ஒரு சாயங்காலம் அதில் நடந்தேன். காற்று வந்தது. மாம்பலத்தில் காற்று என்பதே புதுச்செய்தி. பள்ளிப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், கைப்பிடியோரம் ஒரு ஜோடி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது, இரண்டு மாமிகள் வாக்கிங். கட்டைப்பையோடு ஒரு பெரியவர் என்னை நிறுத்தினார்.

"தம்பி, இது பஸ் ஸ்டாண்டுக்குப் போவுமா?"

"போகும் ஐயா. நேராப் போங்க."

"டிக்கெட் எதும் கேப்பாங்களா?"

"இல்லீங்க. சும்மா நடக்கலாம்."

அவர் நம்பவில்லை. இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு மெதுவாக நடந்தார். இவ்வளவு நல்ல தரை இலவசம் என்றால் சந்தேகம் வராதா என்ன?

நடைபாதை நிலையத்தோடு சேரும் இடத்தில் நின்றேன். அங்கேயிருந்துதான் முதன்முறையாக மாம்பலம் நிலையத்தை முழுசாகப் பார்த்தேன். முகம் அல்ல, உச்சந்தலை. நடைமேடைகளின் தகரக்கூரைகள் நீளநீளமாக, அவற்றின்மேல் காய்ந்த இலையும் யாரோ எறிந்த ஒற்றைச் செருப்பும் சிக்கிய பட்டமும். கூரைகளுக்கு நடுவே மேல்கம்பிகள், கம்பிகளுக்குக் கீழே பளபளவென்று தண்டவாளம். இரண்டு பக்கமும் ஊர் நெருங்கி வந்து, தொட்டுவிடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிருந்து கிழக்கே பார்த்திருந்தால் தண்ணீர் தெரிந்திருக்கும்.

தெற்கேயிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. கூரையின் கீழிருந்து கூட்டம் வெளியே வந்து பாலத்தில் ஏறுவது, மேலிருந்து பார்க்க எறும்புப்புற்றில் தண்ணீர் ஊற்றியதுபோல் இருந்தது. பாதிப்பேர் நடைபாதைப் பக்கம் திரும்பினார்கள், பாதிப்பேர் பழைய படிக்கட்டுக்கே போனார்கள். கீழே பார்த்தேன். படியடியில் பூக்கூடை. கூடைக்குப் பக்கத்தில் குடையும் கையுமாக ஏறப்போன ஒருவரை, நிமிர்ந்துகூடப் பார்க்காமல், ஒரு கை நீண்டு நிறுத்தியிருந்தது.